சீமைக் கருவேலம் நம் மண்ணுக்கு வந்த கதை

விருதுநகர் வட்டாரத்தில் சீமைக் கருவேலம் எப்படி வந்தது என்று கேட்டால் இரண்டு கதைகளில் ஒன்றைச் சொல்வார்கள். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, அடுப்பெரிக்க விறகில்லாமல் தவித்த ஏழைகளுக்காக விதையை வரவழைத்துத் தூவச் சொன்னார் என்பது ஒரு கதை. நம் நிலத்தடி நீரை உறிஞ்சட்டும் என்றே வெளிநாட்டுக்காரர்கள் விமானத்திலிருந்து கொட்டிவிட்டுப் போனார்கள் என்பது மற்றொன்று. முதல் கதையில் நன்றி இருக்கிறது. இரண்டாவதில் கோபம் இருக்கிறது. ஆவணங்கள் சொல்லும் கதை வேறு. காமராசர் பிறந்தது 1903-ல். அதற்கு 26 ஆண்டுகள் முன்பே இந்த மரம் சென்னை மாகாணத்தில் வேர்விட்டுவிட்டது.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டியிருப்பது ஆனைக்குட்டம் அணை. விருதுநகருக்குக் குடிநீர் தரும் இடங்களில் இது முக்கியமானது. அணைக்குள்ளும், ஆற்றின் இரு கரைகளிலும், சுற்றியுள்ள தரிசுகளிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடப்பதை அந்தப் பக்கம் போய்வரும் எவரும் பார்க்கலாம். வெட்டுகிறார்கள், மறுபடி வருகிறது. மறுபடி வெட்டுகிறார்கள். இந்த மரம் ஏன் வந்தது, எதற்காகத் தங்கியது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் அதை அனுப்ப முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

தாது வருஷத்து விதை

1870களில் சென்னை மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்தவர் லெப்டினன்ட் கர்னல் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். தென்னிந்தியாவின் பெரணிகளைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் படங்களோடு பெரிய நூல்களை வெளியிட்டவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாம்புகள் பலவற்றை முதன்முதலில் அறிவியலுக்கு எடுத்துச் சொன்னவர். இந்த மண்ணின் மரம் மட்டைகளை அவரளவுக்கு அறிந்தவர்கள் அன்று வெகுசிலரே. அவர்தான் 1876-ல் வருவாய்த் துறைச் செயலருக்கு எழுதி, வறண்ட நிலங்களில் வளர்க்க இந்த மரத்தின் விதை வேண்டும் என்று கேட்டார். விதை ஜமைக்காவிலிருந்து வந்தது. 1877-ல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரம் பகுதியில் நட்டார்கள்.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். அது தாது வருஷப் பஞ்சம் நடந்துகொண்டிருந்த நேரம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியிலும் நோயிலும் மடிந்தார்கள். மழை பொய்த்தால் பயிர் போகிறது. பயிரோடு மாட்டுக்குத் தீவனமும் அடுப்புக்கு விறகும் போகின்றன. போதாக்குறைக்கு, 1856-ல் சென்னை ராயபுரத்திலிருந்து கிளம்பிய ரயில் உள்நாட்டில் நீண்டுகொண்டே போனது. நிலக்கரி கப்பலில் வர வேண்டியிருந்ததால் எஞ்சின்களுக்கும் விறகுதான் போட்டார்கள். சவுக்குத் தோப்புகள் கடற்கரை ஓரம் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். கடற்கரைக்குச் சவுக்கு கிடைத்தது. உள்நாட்டுப் பொட்டலுக்கு எது என்ற கேள்விக்குப் பெடோம் கண்ட விடை இந்த மரம்.

மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வட பகுதி வரையும், கரீபியத் தீவுகளும் இதன் தாய்மண். உவர் மண்ணிலும் வளரும், கரிசலிலும் வளரும், கல்லாங்குத்திலும் வளரும். கோடையில் ஊரே காய்ந்து கிடக்கும்போது இது மட்டும் பச்சையாக நிற்கும். இலையை ஆடு மாடு அதிகம் தொடாது, முள் இருப்பதால் வேலிக்கு ஆகும், விறகு நின்று எரியும், காய் இனிக்கும். ஒரு வறட்சி மாவட்டத்து அதிகாரி கேட்டு வாங்க நினைக்கும் குணம் அத்தனையும் ஒரே மரத்தில் இருந்தது. அந்தக் குணங்களே பின்னால் வினையாக வந்தன.

அரச மரியாதை பெற்ற முள்

கமலாபுரத்தோடு விஷயம் நிற்கவில்லை. 1878-ல் இந்த மரம் சிந்துப் பகுதிக்குப் போனது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜஸ்தானத்து ஜோத்பூரில் மணலைக் கட்டுப்படுத்த நட்டார்கள். 1940-ல் அங்கே அதற்கு அரச மரியாதைக்குரிய மரம் என்ற தகுதியே கொடுத்து, வெட்டாமல் காத்தார்கள். 1961-ல் குஜராத்தின் கட்ச் பகுதியில், உவர்நிலம் முன்னேறி வருவதைத் தடுக்கவென்று பன்னிப் புல்வெளியின் ஓரத்தில் வனத்துறை இதை நட்டது. ஆசியாவின் புகழ்பெற்ற மேய்ச்சல் நிலங்களில் ஒன்றான பன்னி இன்று பாதிக்கு மேல் முள்காடாகிவிட்டது. இலங்கையில் பூந்தலைச் சதுப்பு நிலத்தையும் இது விடவில்லை.

நம் பக்கத்திலும் விடுதலைக்குப் பிறகு விறகுத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாக இதை ஊக்குவித்தார்கள். காமராசரைப் பற்றிய கதையின் மூலம் அங்கே இருக்கலாம். மலைக்காட்டுக்குப் போய் விறகு சுமந்த பெண்களுக்கு ஊர் எல்லையிலேயே விறகு கிடைத்தது சிறிய காரியமல்ல. எரிவாயு அடுப்பு வந்த பிறகு பிறந்த நாம், அந்த உதவியைக் கணக்கில் எடுக்காமல் மரத்தைத் திட்டுவது நியாயமில்லை.

ஆனால் காட்டுக்குள் நுழைந்தபோது இதன் இன்னொரு முகம் தெரிந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரை அதற்கு நல்ல சாட்சி. வெளிமான்கள் மேயும் திறந்த புல்வெளியும், அதையொட்டி உலர் பசுமைமாறாக் காடும் சேர்ந்தது கோடியக்கரைச் சரணாலயம். சீமைக் கருவேலம் அங்கே புல்வெளிக்குள் புகுந்தது. வெளிமான் காயைத் தின்றது. காட்டுக் குதிரைகளும் தின்றன. போன இடமெல்லாம் விதை போட்டன. திறந்த வெளியை நம்பி, தூரத்திலேயே ஆபத்தைக் கண்டு ஓடிப் பிழைக்கும் விலங்குக்கு, தானே விதைத்த முள் புதர் எதிரியானது. புல் குறைந்தது, ஓட வெளியும் குறைந்தது. வனத்துறை அங்கே மரத்தைப் பிடுங்கி அகற்றி வருவது அதனால்தான்.

இதே குடும்பத்தில் நமக்குச் சொந்தமான மரம் ஒன்று உண்டு: வன்னி. பல சிவன் கோயில்களுக்குத் தலமரம். வன்னியும் வறட்சியைத் தாங்கும், வன்னியின் காயையும் ஆடு தின்னும். ஆனால் வன்னி எந்த ஊரையும் வளைத்துக்கொள்ளவில்லை. அதன் விதையைத் துளைக்கும் பூச்சி, இலையைத் தின்னும் புழு, அதோடு போட்டியிடும் மற்ற மரம் எல்லாம் இங்கேயே அதனுடன் வளர்ந்தவை. சீமைக் கருவேலத்தை மட்டும் ஜமைக்காவிலிருந்து விதையாகக் கொண்டுவந்தார்கள். அதைக் கட்டுக்குள் வைத்திருந்த உயிர்கள் அங்கேயே இருந்துவிட்டன.

கரிசல் எப்படிக் கருவைக்காடானது

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. மழையை நம்பிய பூமி. பருத்தி, கம்பு, சோளம், மல்லி என்று கரிசலில் மானாவாரி வெள்ளாமை. கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நெல். கண்மாய் தூர்ந்தால் நெல் போகும், மழை தவறினால் பருத்தி போகும்.

1922-ல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அடுத்து பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. மழை குறைந்த பூமி அந்தத் தொழில்களுக்கு வசதியாக இருந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு வாராவாரம் கூலி கிடைத்தது. அது பசியை ஆற்றிய தொழில். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலையில் வேனில் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போகிறவர் வீட்டில் காட்டை உழ ஆளில்லை. ஓர் ஆண்டு போட்ட தரிசு அடுத்த ஆண்டும் தரிசானது. கண்மாயைக் குடிமராமத்துச் செய்யும் வழக்கமும் தளர்ந்தது. உழாத காடு, தூர்வாராத கண்மாய், மேய்ப்பாரில்லாத புறம்போக்கு என்று எது காலியாக இருந்ததோ அங்கெல்லாம் இந்த மரம் குடியேறியது. மரம் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று சொல்வதைவிட, நாம் கைவிட்ட இடத்தில் அது நின்றது என்று சொல்வது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

மரத்தைப் பரப்பியதும் நம் ஊர் வழக்கம்தான். விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக்கே உரியவை கன்னி ஆடும் வெம்பூர்ச் செம்மறியும். சித்திரை, வைகாசியில் புல் பூண்டு இல்லாதபோது கருவைக்காய்தான் அவற்றின் வயிற்றைக் காத்தது. மஞ்சளாகப் பழுத்த காயின் சதை சர்க்கரை போல இனிக்கும். உள்ளே விதையைச் சுற்றிக் கட்டியான ஓடு. ஆட்டின் பல்லில் கொஞ்சம் விதை உடையும். மாடு தின்றால் பெரும்பாலும் உடையாமலே வெளியே வரும். வயிற்றின் சூட்டிலும் அமிலத்திலும் ஓடு இளகி, முளைக்கத் தயாராகச் சாணத்தோடு விழும். ஈரமும் எருவும் சேர்ந்து கிடைக்கும். கிடை போட்ட காட்டில் அடுத்த மழைக்குப் பருத்தியோடு சேர்ந்து கருவையும் முளைத்தது. மிச்சத்தை வாய்க்கால் தண்ணீர் கண்மாய்க்குக் கொண்டு சேர்த்தது. ஆறு அணைக்குக் கொண்டு சேர்த்தது.

ஆனைக்குட்டத்தில் நடந்ததும் இதுதான். அர்ச்சுனா நதி மேற்கு மலைப் பக்கமிருந்து சுற்றியுள்ள ஊர்களின் மழைநீரையெல்லாம் வாரிக்கொண்டு வருகிறது. அதில் மிதந்து வரும் விதை அணையின் வண்டலில் தங்குகிறது. தண்ணீர் பல மாதம் நின்றால் இளங்கன்று தாங்காது, மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஆனால் அணைக்குள் நீர் நிற்கும் காலம் குறைந்து, மண் தெரியும் காலம் கூடும்போது கன்று மரமாகிவிடுகிறது. மரமான பிறகு நாலு நாள் வெள்ளம் அதற்குப் பொருட்டல்ல. அங்கிருந்து கிழக்கே, கோல்வார்பட்டி அணை தாண்டி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேரும்வரை ஆற்றுப்படுகை இதே விதையை அடுத்த ஊருக்குக் கைமாற்றிக்கொண்டே போகிறது.

மூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள்

இந்த மரத்தை வெறும் பகையாகப் பார்ப்பவர்கள் ஒருமுறை கரிமூட்டம் போடும் இடத்தில் போய் நிற்க வேண்டும். காரியாபட்டி, நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்திலும், அதையொட்டிய இராமநாதபுரம், சிவகங்கை ஊர்களிலும் இது ஒரு பருவத் தொழிலல்ல, மழை பொய்த்தால் கைகொடுக்கும் காப்புத் தொழில்.

வெட்டிய மரத்தைத் துண்டுபோட்டுக் காயவிடுவார்கள். கனமான தூர்க்கட்டைகள் நடுவில், மெலிந்த கிளைகள் வெளிப்புறத்தில் என்று நெருக்கமாக அடுக்கிக் குவியலாக்குவார்கள். மேலே வைக்கோலோ தழையோ பரப்பி, அதன் மேல் மண்ணைக் குழைத்துப் பூசி மூடுவார்கள். உள்ளே நெருப்பு வைத்த பிறகு சுற்றிலும் சிறு துளைகள் வழியாகத்தான் காற்று போகும். காற்று அதிகம் போனால் கட்டை சாம்பலாகிவிடும். குறைந்தால் வேகாத கட்டையாக நின்றுவிடும். அதனால் இரவும் பகலும் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முதலில் புகை வெள்ளையாக, கனமாக வரும். அது மெலிந்து நீலம் பாய்ந்தால் அந்தப் பக்கம் வெந்துவிட்டது என்று பொருள். துளையை அடைத்துவிட்டு அடுத்த பக்கம் திறப்பார்கள். மூட்டத்தின் அளவைப் பொறுத்துச் சில நாளிலிருந்து பத்து நாள் வரை ஆகும். ஆறிய பிறகு மூட்டம் பிரித்து, தூர்க்கரி, குச்சிக்கரி, தூள் என்று தரம் பிரிப்பார்கள். தூர்க்கரிக்கு விலை கூடுதல். தூள்கூட வீணாகாது, ஊதுபத்திக்குப் போகும்.

வெப்பத்திலும் புகையிலும் கண் எரிய, நெஞ்சு எரிய நின்று பிழைத்தவர்கள் இவர்கள். செங்கல் சூளைக்கு விறகு வெட்டியவர்கள் இருக்கிறார்கள். தென்மாவட்டங்களில் இந்த விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளுக்கு லாரியில் ஏற்றி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். மரத்தை ஒழிக்கிறோம் என்று அறிவிக்கும் எந்தத் திட்டமும் இவர்களிடம் முதலில் பேச வேண்டும். மரத்தின் குணத்தை இவர்களைவிட அறிந்தவர்கள் இல்லை. அவர்கள் கைக்கு வேலை இருக்கும்வரைதான் திட்டத்துக்கும் உயிர் இருக்கும்.

வெட்டினால் ஏன் சாகவில்லை

தரைமட்டத்தோடு வெட்டிய சீமைக் கருவேலத்தை ஒரு மழைக்குப் பிறகு பார்த்தால் விஷயம் விளங்கும். வெட்டுவாயைச் சுற்றி ஒன்றிரண்டல்ல, ஒரு கொத்துத் துளிர் கிளம்பியிருக்கும். முன்பு ஒற்றை மரமாக நின்றது இப்போது ஆள் நுழைய முடியாத புதராகும். தரைக்குக் கீழே அரையடி, ஓரடி ஆழம் வரை அடித்தண்டில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே இருப்பதை எடுத்தால் அவை விழித்துக்கொள்ளும். கீழே வேர் ஆழம் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்த சுரங்கத்தைத் தோண்டியபோது, இதன் நெருங்கிய இனத்து மரம் ஒன்றின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்ததாகப் பதிவு இருக்கிறது. மேலே மாதக்கணக்கில் மழை இல்லாதபோதும் இது பச்சையாக நிற்பதன் காரணம் அதுதான்.

கண்மாய்களில் இந்த மரத்தை ஏலம் விடும் முறை இந்தக் குணத்துக்கு ஒத்தாசையாகவே அமைந்தது. ஏலம் எடுப்பவருக்கு வேண்டியது விறகு. தரைக்கு மேலே இருப்பதை வெட்டி ஏற்றிவிட்டால் அவர் வேலை முடிந்தது. தூரை விட்டுவைத்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் அடுத்த ஏலத்துக்கு மரம் தயார். ஊராட்சிக்கும் வருமானம். எல்லோருக்கும் வசதி, கண்மாய்க்கு மட்டும் கேடு. ஆக, மரம் திரும்பத் திரும்ப வருவதை மரத்தின் பிடிவாதம் என்று மட்டும் சொல்ல முடியாது. அது வர வேண்டும் என்பதற்கு ஏற்பவே நம் கணக்குகளும் இருந்தன.

இங்கே பரவும் சில பேச்சுகளையும் ஒதுக்கிவிட வேண்டும். இந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துவிடும், இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும், இது கரியமில வாயுவையே வெளிவிடும் என்றெல்லாம் கைபேசியில் செய்தி வருகிறது. இவற்றுக்கு ஆதாரம் கிடையாது. இதுவும் எல்லா மரத்தையும் போலப் பகலில் பிராணவாயுதான் விடுகிறது. உண்மையான கேடே போதுமான அளவு இருக்கிறது. நீர்வழியை அடைக்கிறது. வண்டலைப் பிடித்து வைத்துக் கண்மாயின் கொள்ளளவைக் குறைக்கிறது. இலைச்சாறு மற்ற விதைகள் முளைப்பதைத் தடுக்கிறது. புல்லும் நாட்டு மரமும் இருந்த இடத்தில் தான் ஒன்றே நிற்கிறது. பொய்யை நம்பிப் பிடுங்குபவர் ஒரு நாள் ஆவேசத்தோடு நிறுத்திவிடுவார். உண்மையை அறிந்தவர்தான் ஆண்டுக்கணக்கில் வேலை செய்வார்.

கள்ளியைத் தின்ற பூச்சி

வந்தேறிச் செடி ஒன்றை இந்தத் தமிழ் மண் முன்பே வென்றிருக்கிறது. ஒரு காலத்தில் தென்மாவட்டங்களின் வேலியும் பொட்டலும் சப்பாத்திக்கள்ளியாக இருந்தன. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். 1860களில், கள்ளியின் சாற்றை உறிஞ்சும் ஒரு வகைச் செதில்பூச்சியை வட இந்தியாவிலிருந்து தெற்கே கொண்டுவந்து ஓர் இனக் கள்ளியில் விட்டார்கள். களைக்கு எதிராகப் பூச்சியை வேண்டுமென்றே பயன்படுத்திய உலகின் முதல் முயற்சிகளில் அது ஒன்று. மிச்சமிருந்த மற்றோர் இனத்துக்கு 1926-ல் வேறு பூச்சி இலங்கை வழியாக வந்தது. சில ஆண்டுகளிலேயே கள்ளிக்காடுகள் வெளுத்து, அழுகிச் சாய்ந்தன.

அதே வழி சீமைக் கருவேலத்துக்கு ஏன் ஆகவில்லை என்று கேட்கலாம். தென் ஆப்பிரிக்காவில் 1987 முதல் இதன் நெருங்கிய இனத்து மரங்களின் விதையைத் தின்னும் வண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். விதை குறைந்தது, நிற்கும் மரம் அப்படியே நின்றது. மரத்தையே கொல்லும் பூச்சியைத் தேடினால், அது வன்னியையும் நம் நாட்டுக் கருவேலத்தையும் தொடாது என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். கள்ளியை நம்பி எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. சீமைக் கருவேலத்தை நம்பி ஆயிரமாயிரம் குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே இந்த வேலைக்குக் கையும் மண்வெட்டியும் இயந்திரமும்தான் வழி. அதே தென் ஆப்பிரிக்கா 1995-ல் ஒரு திட்டம் தொடங்கியது. நீரைக் குடிக்கும் அயல்மரங்களை அகற்றும் வேலையை வேலையில்லாத ஏழைகளுக்கே கூலி கொடுத்து ஒப்படைத்தது. நமக்குப் பாடம் அதில் இருக்கிறது.

கென்யாவிலிருந்து இன்னொரு பாடம். 1980களில் பாரிங்கோ பகுதியில் விறகுக்காக இதை நட்டார்கள். இனிப்புக் காயைத் தின்று தின்று ஆடுகளின் பல் சொத்தையாகி விழுந்தது. அங்கிருந்த கால்நடை மேய்ப்போர் 2006-ல் அரசின் மீது வழக்குத் தொடுத்து, பல்லிழந்த ஆட்டைச் சாட்சியாக முன்னிறுத்தினார்கள். நல்லெண்ணத்தில் கொண்டுவந்த மரத்துக்கும் பொறுப்பு உண்டு என்பதை அந்த எளிய மக்கள் உலகுக்குச் சொன்னார்கள்.

உத்தரவு, தடை, கொள்கை

நம்மிடமும் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. வைகோ உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மரத்தை அகற்ற உத்தரவிட்டது. 2017 தொடக்கத்தில் நீதிபதிகள் ஏ. செல்வம், பி. கலையரசன் அமர்வு கெடு விதித்தது. கண்காணிக்க வழக்கறிஞர் ஆணையர்களும் நியமிக்கப்பட்டனர். ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. அறிவியல் ஆய்வு இல்லாமல் ஒரேயடியாக அகற்றுவது சரியா என்று எதிர்வழக்கு வர, அதே ஆண்டு தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தலைமையிலான அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. அந்தச் சில மாதங்களில் ஊரெல்லாம் ஒரு விழிப்பு வந்தது உண்மை. அப்போது சுத்தமான பல இடங்களில் மறுபடி கருவேலம் நிற்பதும் உண்மை. அடுத்த மழைக்கு முளைத்ததைப் பிடுங்க எந்த உத்தரவிலும் ஆள் இல்லை.

2022-ல் தமிழ்நாடு அரசு, அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்கும் கொள்கையை வெளியிட்டது. மாநிலத்தில் 196 வகை அயல் ஊடுருவல் தாவரங்களைக் கண்டறிந்து, அவற்றில் 23-ஐ முதலில் அகற்ற வேண்டியவை என்று குறித்தார்கள். மலைக்காட்டில் உண்ணிச்செடி, முதுமலையில் மஞ்சள் கொன்றை, சமவெளியில் சீமைக் கருவேலம். இந்தக் கொள்கையில் நான் மதிப்பது அதன் பெயரிலேயே அகற்றுவதோடு மீட்பதும் சேர்ந்திருப்பதை. முதுமலையில் வெட்டிய மஞ்சள் கொன்றை, தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் கூழ் மரமாகப் போனது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டில் ஆள் உயர, அதற்கும் மேலான யானை உருவங்களைச் செய்ய, அவை லண்டன் வரை காட்சிக்குப் போயின. அகற்றும் பொருளுக்கு விலை இருந்தால் அகற்ற ஆள் வரும்.

எடுத்த பிறகுதான் வேலை

ஆனைக்குட்டத்துக்கும் அது போன்ற நூற்றுக்கணக்கான கண்மாய்களுக்கும் வழி இதிலிருந்தே கிடைக்கிறது. ஏலத்தில் விறகோடு தூரையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்கலாம். தூர்க்கரிக்கு ஏற்கெனவே நல்ல விலை இருக்கிறது; தூர் எடுத்ததைக் காட்டினால்தான் வைப்புத்தொகை திரும்பும் என்று வைத்தால் மூட்டம் போடுபவரே மரத்தை முடித்துவைப்பார். பெரிய மரத்துக்கு இயந்திரம் வேண்டும். ஆனால் அணைக்கரையிலும் கண்மாய்க் கரையிலும் தூரைப் பறித்தால் கரை பலவீனமாகும். அங்கே வெட்டி, துளிர்ப்பதைத் திரும்பத் திரும்ப ஒடித்து ஓய்ச்சலாக்குவதே நல்லது. பறித்தே ஆகவேண்டிய இடத்தில் குழியை உடனே மண்ணிட்டுக் கெட்டிக்க வேண்டும்.

காய் பழுக்கும் முன் வெட்டினால் விதை விழாது. ஏற்கெனவே விழுந்த விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஐப்பசி மழை முடிந்ததும் அவை முளைக்கும். கார்த்திகை, மார்கழியில் மண் ஈரமாக இருக்கும்போது ஒரு சாண் கன்றைக் குழந்தைகூட இரண்டு விரலால் பிடுங்கிவிடும். அதையே ஓர் ஆண்டு விட்டால் மண்வெட்டி வேண்டும். மூன்று ஆண்டு விட்டால் ஜேசிபி வேண்டும். செலவு எவ்வளவு குறைவாக முடியும் என்பது அந்த முதல் ஈரத்தில் ஆள் இறங்குவதைப் பொறுத்தது. மரம் நிற்கும் காட்டில் காய் தின்ற ஆடு மாடுகளைச் சில நாள் வேறிடத்தில் கட்டிவைத்த பிறகே சுத்தம் செய்த இடத்துக்குள் விட வேண்டும். இது ஆடு மேய்க்கும் கீதாரிகளிடம் உத்தரவாகச் சொல்ல வேண்டியதல்ல. உட்கார்ந்து பேசி, மாற்று மேய்ச்சலைக் காட்டி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியது.

காலி இடத்தைக் காலியாக விட்டால் சீமைக் கருவேலம்தான் நிரப்பும். கரையில் பனை, புங்கை, வேம்பு. நீர் தேங்கும் ஓரத்தில் நாவல், மருது. மேட்டுத் தரிசில் வன்னி, வாகை, உடை. நம் நாட்டுக் கருவேலத்தை மறந்துவிடக் கூடாது. தண்ணீருக்குள் நின்றும் தாங்கும் மரம் அது. இராமநாதபுரம் மாவட்டத்துக் காஞ்சிரங்குளம், சித்திரங்குடிச் சரணாலயங்களில் நாரைகள் அதன் மேல் கூடு வைக்கின்றன. சீமைக் கருவேலத்திலும் பறவைகள் கூடு வைக்கின்றன என்பதால் அங்கே அதை ஒரே பருவத்தில் வழித்தெடுக்கக் கூடாது. புதிய மரம் கூடு தாங்கும் அளவுக்கு வளர வளரப் பழையதைக் குறைக்க வேண்டும். அதுவரை பொறுக்க முடியாத திட்டம் பறவைக்கும் உதவாது, மண்ணுக்கும் உதவாது.

ஒரு பஞ்ச காலத்துத் தேவைக்கு யோசித்துக் கொண்டுவந்த மரம் இது. தேவையும் மாறிவிட்டது, மரமும் அளவு மீறிவிட்டது. அனுப்புவதையும் அதே அளவு யோசித்துத்தான் செய்ய வேண்டும். எந்த ஊரில் இனிச் சீமைக் கருவேலம் எடுக்கும் வேலை தொடங்கினாலும், ஊர்க்கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தூரோடு எடுக்கிறார்களா? மூட்டம் போடுபவருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் அதில் பங்கு உண்டா? அடுத்த ஐந்து மழைக்காலமும் கன்று பிடுங்க இப்போதே பணம் ஒதுக்கியாகிவிட்டதா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் எழுத்தில் இருந்தால் இயந்திரத்தை இறக்குங்கள். இல்லையென்றால் அந்தப் பதிலை முதலில் வாங்குங்கள். மரம் ஒரு மழை காத்திருக்கட்டும்.